ஓர் ஆளுக்கு எழுதிய பாடம்

"வெங்காயம் சின்னதா இருந்தா ரெண்டு கிலோ. பெருசா இருந்தா ஒரு கிலோ போதும். முளை விட்டிருந்தா எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேணாம். வெங்காயம் இல்லைன்னு அதுக்குப் பதிலா வேற எதையாவது வாங்கிட்டு வந்து நிக்காத. எனக்கு போன் பண்ணு. நான் எடுக்கலைன்னா வாங்காத."

மூன்றாவது மாடி வாசலில் நின்று விஜயகுமாரி அம்மாள் இதைச் சொல்லி முடிப்பதற்குள், வீட்டு வேலைக்கு வரும் தாயம்மாள் ஒரு மாடி இறங்கியிருப்பாள். படிக்கட்டின் திருப்பத்திலிருந்து அவள் குரல் மட்டும் மேலே வரும்.

"ஒரு வெங்காயத்துக்கு இத்தினி சட்டமா யம்மா? கோர்ட்டுல கூட இவ்ளோ கெடையாது."

"சட்டம் இல்லடி. நீ அங்க போய் நின்னு முழிக்கக் கூடாதில்ல? அதுக்குத்தான்."

சிகந்தராபாத் மெட்டுகுடாவில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் அடுக்குமாடி இருக்கிறது. அதில் எனக்கு எதிர்வீடு அவர். வயது அறுபதை நெருங்குகிறது. குள்ளமான உருவம். ஒரு மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அதை மறந்து இன்னொன்றை மூக்கில் மாட்டிக்கொண்டிருப்பார். முதுகுவலிக்காக நின்றபடி வேலை செய்யச் சொல்லி மருத்துவர் சொன்னதிலிருந்து, கூடத்தில் இஸ்திரிப் பலகையை இடுப்பு உயரத்துக்கு விரித்து அதன்மேல் மடிக்கணினியை வைத்திருக்கிறார். இஸ்திரி போட வேண்டிய துணிகள் சுருக்கத்தோடே அலமாரிக்குப் போய்விடும். பலகை உறையில் எப்போதோ தீய்ந்த பழுப்புத் தழும்பின்மேல் தேநீர்க் கோப்பை ஆறிக்கொண்டிருக்கும்.

அவர் அங்கே நின்று என்ன செய்கிறார் என்று விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. கேட்டதற்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை இப்போது எல்லா நிறுவனங்களும் வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த உதவியாளருக்கு உலகத்துச் சங்கதியெல்லாம் தெரியும். ஆனால் இந்த அலுவலகத்தில் இந்தப் புகார் வந்தால் முதலில் எதைக் கேட்பது, யாரிடம் அனுப்புவது, எதை வாய்தவறியும் சொல்லிவிடக் கூடாது என்பது தெரியாது. அதை யாராவது ஒருமுறை தெளிவாக எழுதிவைத்தால் போதும். அந்த வேலை வரும்போதெல்லாம் உதவியாளர் அதை எடுத்துப் படித்து, அதன்படி நடந்துகொள்ளும். மாதாப்பூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக விஜயகுமாரி அம்மாள் அப்படித்தான் எழுதிக்கொடுக்கிறார். அலுவலகத்தில் அதற்கு 'ஸ்கில்' என்று பெயர். இவர் 'பாடம்' என்பார்.

"இன்னிக்கு லக்கேஜ் பாடம் முடிஞ்சது தம்பி. பெட்டி தொலைச்சவங்ககிட்ட முதல்ல ஸாரி சொல்லாதே, பெட்டி என்ன கலர்னு கேளுன்னு எழுதியிருக்கேன். கலர் கேட்டாத்தான் சரி, தேட ஆரம்பிச்சுட்டாங்கன்னு அவங்களுக்கு மனசு ஆறும். ஸாரியை அப்புறம் சொல்லிக்கலாம்."

அதற்குமுன் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் இயந்திரங்களுக்குப் பராமரிப்புக் கையேடு எழுதும் பிரிவில் இருந்தவர் அவர். எந்தத் திருகை முதலில் கழற்றுவது, கழற்றும்போது எண்ணெய் கசிந்தால் என்ன செய்வது என்றே எழுதி விருப்ப ஓய்வு பெற்றார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதுவும் வேண்டுமென்றே தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டு படிப்பார். கதவு திறந்திருந்தால் எனக்குக் கேட்கும். "'உடனே' பதில் சொல்லவும். உடனேன்னா? பாதிக் கேள்வியிலயா?" என்று தன்னையே அதட்டிவிட்டு, அந்தச் சொல்லை அடிப்பார்.

"முட்டாளுக்கு எழுதிடலாம் தம்பி. ரொம்பக் கெட்டிக்காரனா இருந்து, நம்ம வீட்டைப் பத்தி மட்டும் ஒண்ணுமே தெரியாதவன் இருக்கான் பாருங்க, அவனுக்கு எழுதறதுதான் கஷ்டம்" என்று ஒருமுறை சொன்னார். இன்னொரு முறை, எதற்கோ பேச்சு வந்தபோது, "ஒரு ஆளுக்காக எழுதினா அது பாடம் இல்ல, கடுதாசி. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு உபயோகப்படணும்" என்றார்.

அப்படிச் சொன்னவர் ஓர் ஆளுக்காகப் பாடம் எழுதினார். அந்த ஆள் அவருடைய கணவர் பூபாலன்.

பூபாலன் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய அப்பா அரக்கோணத்திலிருந்து அதே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தவர். ஆகவே பூபாலனின் தமிழில் அரக்கோணமும் ஹைதராபாத்தும் சரிபாதி. ஓயாத பேச்சுக்காரர். காலையில் நான் பால் வாங்கக் கீழே இறங்கினால், படிக்கட்டில் அவரிடம் மாட்டிக்கொண்டு, பால் திரியுமோ என்ற பயத்தோடுதான் மேலே ஏறுவேன். "இன்னா தம்பி, ஆபீஸா? நக்கோ. மழை வரும். கைக்கு இவ்ளோ அவசரம்? ஆபீஸ் இன்னா ஓடியா பூடும்?" என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்வார். ஏன் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்பார்; வேண்டாம் என்பதற்கு அவர் வாயில் எப்போதும் 'நக்கோ'தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைநாள் காலையில், முகம் மழித்துக்கொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு கீழே விழுந்தார். பக்கவாதம். கால் ஓரளவு திரும்பி வந்தது. கோலை ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சொல்ல நினைப்பதும் உள்ளே இருந்தது. அதற்கான சொல்தான் கிடைக்கவில்லை. அத்தனை பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. நக்கோ.

தண்ணீர் வேண்டுமென்றாலும் நக்கோ. விசிறியைப் போடச் சொன்னாலும் நக்கோ. பெங்களூரிலிருந்து மகள் சுஷ்மா வீடியோவில் வந்தால், கண்ணில் நீர் வடிய, நக்கோ நக்கோ என்பார். "அறுபது வருஷமா தமிழ் பேசின வாய். கடைசியில இந்த ஊரோட வார்த்தைதான் நின்னுச்சு" என்று விஜயகுமாரி அம்மாள் சொன்னபோது, சிரிப்பதா என்று தெரியாமல் நான் நின்றேன். அவரே சிரித்தார்.

வாரத்தில் சில நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேதா என்ற பெண் வந்தாள். பொறுமைசாலி. ஒரு தம்ளரைக் காட்டிவிட்டு, பூபாலன் சொல்லும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். "ஆன்ட்டி, நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. அங்கிள் தேடட்டும். அந்தத் தேடற நேரம்தான் மருந்து" என்பாள். அந்த மருந்து கொஞ்சம் வேலையும் செய்தது. மாதக்கணக்கான முயற்சிக்குப் பிறகு 'தண்ணி' வந்தது. 'போ' வந்தது. ஒருநாள், குப்பைக் கூடையைக் கையில் பிடித்தபடியே விஜயகுமாரி அம்மாள் என் கதவைத் தட்டினார். "குமான்னு கூப்பிட்டார் தம்பி. பாதிதான் வந்துச்சு. குமாரில பாதி." கூடையை வைத்த இடத்திலேயே மறந்துவிட்டு உள்ளே ஓடினார்.

ஆனால் அந்தத் தேடலை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு சொல்லுக்காகப் பூபாலனின் கழுத்து நரம்புகள் புடைக்கும். முகம் கறுத்து வியர்க்கும். இடது கையால் நாற்காலியின் கையை அறைவார். "அவருக்கு ஊறுகாய் வேணும். எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் அவர் திணர்றதைப் பாத்துக்கிட்டு நிக்கறது பாவம் இல்லையா?" என்று வேதாவிடம் கேட்டாராம்.

அதன்பிறகுதான் அவர் பாடம் எழுத ஆரம்பித்தார். எடுத்த காரியத்தை அரைகுறையாக விடும் குணம் அவருக்கு இல்லை. என்னிடம் வந்து, "படிக்கட்டுல நின்னு உங்ககிட்ட என்னென்ன பேசுவார்?" என்று கேட்டார். தாயம்மாளைக் கேட்டார். ஒர்க்‌ஷாப் நண்பர்களைத் தேடிப்போய்க் கேட்டார். பூபாலன் யாரை எப்படிக் கூப்பிடுவார், சாம்பாரில் முருங்கைக்காய் இல்லாவிட்டால் என்ன சொல்வார், கோபம் எவ்வளவு நேரம் நிற்கும், எதை நேராகக் கேட்க மாட்டார் என்று எல்லாவற்றையும் எழுதினார். மகளுக்கு வாட்ஸ்ஆப்பில் பூபாலன் அனுப்பியிருந்த பழைய குரல்பதிவுகளிலிருந்து குரலை எடுத்தார்கள். வீட்டில் இருந்த டேப்லட்டில் உதவியாளரை நிறுவி அந்தப் பாடத்தைக் கொடுத்தார்கள். எதிரில் இருப்பவர் பேசுவதை அது கேட்கும். பூபாலன் சொல்லக்கூடிய மூன்று பதில்களை மூன்று கட்டங்களில் படத்தோடு காட்டும். எது அவர் சொல்லியிருக்கக்கூடியது என்று அதற்குத் தோன்றுகிறதோ, அது மேலே, பெரிய கட்டத்தில் இருக்கும். பூபாலன் ஒன்றைத் தொட்டால் அவருடைய குரலில் அதைப் பேசும்.

முதல் நாள் நான் இருந்தேன். தாயம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்து, "இன்னா ஐயா, சாப்டியா?" என்றாள். பூபாலன் தயங்கி, பெரிய கட்டத்தின்மேல் இடது கையை வைத்தார்.

"இன்னா தாயி, இன்னிக்கும் லேட்டா? சூரியன் உன்னைக் கேட்டுக்கினுதான் உதிக்குதா?"

அதே குரல். கடைசியில் மூக்கால் விடும் அந்தச் சிரிப்பும்கூட. தாயம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சுஷ்மா வீடியோவில், "டாடி! அம்மா, பக்கா டாடிதான் யார், கியா பாத் ஹை!" என்று வியப்பில் இந்தி கலந்து கத்தினாள். பூபாலனும் சிரித்தார். சிரித்துவிட்டு, டேப்லட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். எங்கள் சத்தத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செய்தி விஜயகுமாரி அம்மாளின் அலுவலகத்துக்குப் போயிற்று. இப்படிப் பேச்சிழந்தவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் உதவுமே என்றார் அவருடைய மேலதிகாரி கிருஷ்ணபிரசாத். விஜயகுமாரி அம்மாளுக்கும் அது நியாயமாகப் பட்டது. பூபாலனின் பாடத்திலிருந்து ஒரு பொதுப் பாடத்தைச் செய்து கொடுத்தார். பெயர் வர வேண்டிய இடத்தில் வெற்றிடம், ஊர் வர வேண்டிய இடத்தில் வெற்றிடம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மனிதரைப் பற்றி நிரப்பிக்கொள்ளலாம். "அவரை எடுத்துட்டு மிச்சத்தைக் கொடுத்தேன்" என்றார். முகம் தெரியாத குடும்பங்களிலிருந்து நன்றி வந்தது. ஒரு பெண், தன் அப்பா தன்னைத் திட்டியதைக் கேட்டு ஒரு வருடமாகிறது என்று எழுதியிருந்தாள்.

இந்த வீட்டிலோ, குமா போயிற்று. முதலில் தண்ணி போயிருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. கட்டத்தைத் தொட்டால் தண்ணீர் வந்துவிடும்போது, கழுத்து நரம்பு புடைக்கத் தேடுவானேன்? பயிற்சி நேரத்தில் மட்டும் டேப்லட்டை எடுத்துவிடுங்கள் என்று வேதா கேட்டுக்கொண்டாள். எடுத்தார்கள். பூபாலன் தம்ளரைப் பார்ப்பார், வேதாவைப் பார்ப்பார், டேப்லட் இருக்கும் அறையைப் பார்ப்பார். "ஆன்ட்டி, அங்கிள் ட்ரை பண்றதே இல்ல" என்றாள் வேதா. நாளடைவில் மேல்கட்டத்தைத் தவிர வேறெதையும் அவர் தொடுவதில்லை. படத்தைப் பார்த்துத் தொடுகிறாரா என்பதே சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் மதியம் அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. "இன்னாங்க, அப்பளம் பொரிக்கட்டுமா?" என்று சமையலறையிலிருந்து கேட்டார் விஜயகுமாரி அம்மாள்.

"அப்பளம் இல்லாத ரசம் டிக்கெட் இல்லாத பிரயாணம் குமாரி. எந்த ஸ்டேஷன்லயும் மானம் பூடும்" என்றது டேப்லட்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே கரண்டியோடு வெளியே வந்தார். பாதியில் அவர் சிரிப்பு நின்றது.

"இதை அவர் சொன்னதே இல்ல தம்பி."

"அவர் சொல்ற மாதிரியேதான் இருக்கு."

"மாதிரிதான் இருக்கு. ரயில் வச்சு ஜோக் சொல்வார்னு நான் எழுதினேன். அப்பளம் பிடிக்கும்னு நான் எழுதினேன். கேள்வி கேட்டதும் நான். பதிலும் என்னோடது." எண்ணெய் காய்ந்து புகை வந்துகொண்டிருந்தது. "இத்தனை நாளா நான் என்கூடவே பேசிக்கிட்டு இருக்கேன்."

பூபாலன் அப்பளத்துக்காகக் காத்திருப்பவர்போலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் விஜயகுமாரி அம்மாள் பாடத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம் என்று இப்போது சொல்வது எளிது. அந்தக் குரல் இல்லாத வீட்டில் ஒரு வருடம் இருந்து பார்த்தவர் அவர்.

ஆனி, ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதத்தில் சிகந்தராபாத் முழுவதும் அம்மனுக்கு 'போனாலு' என்று படையல் பானை எடுப்பார்கள். மஞ்சள் பூசிய பானைகளும் வேப்பிலையுமாகப் பெண்கள் போவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே எங்கள் சந்தில் தப்பட்டைச் சத்தம். தாயம்மாள் வரவில்லை. பூபாலன் நாற்காலியில் உட்கார்ந்து மேல்வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நக்கோ என்றார். மறுபடியும் நக்கோ என்றார். விஜயகுமாரி அம்மாள் டேப்லட்டை எடுத்து அவர் முன் வைத்தார்.

"இன்னாங்க, வலிக்குதா? எங்க வலிக்குது?"

கை மேல்கட்டத்தில் விழுந்தது.

"ஒண்ணும் இல்ல குமாரி, வாயுதான். ஒரு கோலி சோடா குடிச்சா ஓடிப்பூடும்."

கடைசியில் அதே மூக்குச் சிரிப்பு. விஜயகுமாரி அம்மாளுக்கு நிம்மதி. ஓமத்தண்ணீர் கொடுத்தார். பூபாலன் தம்ளரைத் தள்ளினார். நக்கோ. சற்றுப் பொறுத்து அம்மாள் மறுபடி கேட்டார். அதே கட்டம், அதே உற்சாகமான குரல். மதியத்துக்குமேல் பூபாலன் வாந்தியெடுத்து, உடம்பெல்லாம் குளிர்ந்து நனைந்தபோதுதான் என் கதவு தட்டப்பட்டது. பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி, அக்கம்பக்கத்தாருமாக நாங்கள் மூன்று மாடி இறங்கினோம். ஊர்வலத்தை விலக்கிக்கொண்டு முக்கியச் சாலைக்குப் போய்ச் சேரும்வரை அவர் முனகிய அந்த ஒரே சொல் என் காதோரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாரடைப்பு. காலையிலேயே கூட்டிவந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். உயிர் பிழைத்தது. இதயத்தில் பெரும்பகுதி செத்துவிட்டது.

வலி என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், வாயு என்பார் என்று பாடத்தில் எழுதியிருந்தது. அது உண்மைதான். ஒர்க்‌ஷாப்பில் விரல் நசுங்கி வந்த அன்றுகூட ஒன்றுமில்லை என்றவர் அவர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விஜயகுமாரி அம்மாள் என்னிடம் சொன்னார்: "நான் பொய் எழுதல தம்பி. அவர் அப்பிடித்தான். ஆனா அவர் வாயால சொல்றப்ப நான் முகத்தைப் பாப்பேன். பாத்தாலே பொய்னு தெரிஞ்சிரும். இது சொன்னப்ப நான் முகத்தைப் பாக்கல. குரலைக் கேட்டேன்."

அதே பெஞ்சில் உட்கார்ந்து, தொலைபேசியில் பொதுப் பாடத்தைத் திறந்து, ஒரு விதியைச் சேர்த்தார். வலி பற்றிய கேள்வி எதுவானாலும், அந்த மனிதரைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும், 'வலிக்கிறது, டாக்டரைக் கூப்பிடு' என்பதே மேல்கட்டத்தில் வர வேண்டும். சில நாள் கழித்து கிருஷ்ணபிரசாத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். "யூ டோன்ட் ஒர்ரி மேடம். மீ ரூல் வல்ல இப்புடு அந்தரு சேஃப்" என்றார். உங்கள் விதியால் இப்போது எல்லோரும் பத்திரம். விஜயகுமாரி அம்மாள், "தேங்க்யூ சார்" என்று வைத்துவிட்டார்.

பூபாலன் வீட்டுக்கு வந்தார். நடமாட்டம் இல்லை. ஜன்னலோரக் கட்டில்தான். நக்கோவும் போய்விட்டிருந்தது.

வந்த சில நாட்களில் நடந்ததை விஜயகுமாரி அம்மாளே என்னிடம் சொன்னார். இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார். ஒரு பிற்பகல், வீட்டில் யாரும் இல்லாத நேரம், டேப்லட்டை எடுத்துக் கட்டிலில் வைத்திருக்கிறார். அவர் கேட்க நினைத்தது ஒன்றுதான். அன்றைக்கு அந்தக் கட்டத்தைத் தெரிந்து தொட்டீர்களா, இல்லை கை தானாக விழுந்ததா? அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. வேறு கேட்டார்.

"என் மேல கோபமாங்க?"

பூபாலனின் கை மெதுவாக நகர்ந்து மேல்கட்டத்தைத் தொட்டது.

"உம்மேல இன்னா கோபம் குமாரி? நீ இல்லாங்காட்டி நான் ஏது? போ, போய் டீ போடு."

"எவ்வளவு நல்லா சொல்லுச்சு தெரியுமா தம்பி" என்றார். "அவர் குரல். அப்பிடியே அவர் குரல். ஒரு நிமிஷம் அழுதேன். அப்புறம் பாடத்தைத் திறந்து பாத்தேன். எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும் இல்ல? இருந்துச்சு. 'மனைவி மேல் கோபம் நிலைக்காது. டீ கேட்டுச் சமாதானம் ஆவார்.' நானே எழுதினது." மடிக்கணினியின் மூடியை ஒரு விரலால் திறந்து மூடினார். "நிஜமாவே மன்னிச்சிருந்தாலும் அதைத்தான் சொல்லும். மன்னிக்காட்டியும் அதைத்தான் சொல்லும். நான் யாரைப் போய்க் கேக்கறது?"

பாடம் முழுவதையும் அழித்துவிட்டார். தாயம்மாளும் முருங்கைக்காயும் அரக்கோணமும் போயின. மறுநாள் பூபாலன் டேப்லட்டைக் கேட்டுக் கை நீட்டியபோது, மறுக்க மனமில்லாமல் கொடுத்தார். பாடம் இல்லாத உதவியாளர், பூபாலனின் குரலில், "எனக்குத் தண்ணீர் வேண்டும். நன்றி" என்றது. வாழ்நாளில் மனைவிக்கு நன்றி சொல்லாத மனிதர். அவர் டேப்லட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப்பின் அவர் அதைக் கேட்கவுமில்லை, இவர் கொடுக்கவுமில்லை.

"திரும்ப எழுதுங்களேன் அம்மா, பழைய காப்பி எங்கயாவது இருக்கும்" என்று சுஷ்மா சொல்லிப் பார்த்தாள். தமிழில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. விஜயகுமாரி அம்மாள் திரும்ப எழுதவில்லை. வேதா மறுபடி வருகிறாள். இதயம் தாங்காது என்பதால் சில நிமிடம்தான் பயிற்சி. தம்ளரைக் காட்டுகிறாள். பூபாலன் கண்ணை மூடிக்கொள்கிறார். "இனிமே கஷ்டம்தான் அண்ணா" என்று படியிறங்கும்போது என்னிடம் சொன்னாள்.

விஜயகுமாரி அம்மாள் வேலையை விடவில்லை. விட்டால் மருந்து வாங்க முடியாது. இப்போது ஒரு பல் மருத்துவமனைக்காக எழுதுகிறார். எழுதியதை உரக்கப் படிக்கும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்பதில்லை. கணவரும் அவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள், யாரும் பேசுவதில்லை. கணவர் இன்னதைத்தான் நினைக்கிறார் என்று சொல்லிவிட அவருக்கு இப்போது பயம். போர்வை வேண்டுமா என்று கேட்கவும் பயம். கேட்டால், பதிலையும் தானே வைத்துக்கொண்டு கேட்பதுபோல இருக்கிறதாம்.

போன வாரம் காலையில் போயிருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பூபாலனின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண் கூசி நீர் வழிந்தது. தலையைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. திடீரென்று வாய் திறந்தது. தொண்டையில் ஏதோ உரசுவதுபோல ஒரு சத்தம். "ஜ..." என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு முதல் சத்தம். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

ஜன்னல். எனக்கே தெரிந்தது. திரையை இழுக்க நான் எழுந்தேன். விஜயகுமாரி அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவர் உதடுகள் அந்தச் சொல்லின் வடிவத்துக்குக் குவிந்துவிட்டிருந்தன. மற்றொரு கையால், நைட்டியின்மேல் போட்டிருந்த துப்பட்டாவின் நுனியைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார்.